புதன்கிழமை நாலு மணி வரை

"உங்களுக்கு எது முக்கியம்?" என்று நர்ஸ் லெர்கே கேட்டதும் பதில் சொல்ல வாயெடுத்தது ப்ரெபெனின் மனைவி தோவேதான். ஒன்பது வருடங்களாக அப்படித்தான். அவருடைய பார்க்கின்சன் நோய்க்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, நடக்கும்போது எந்தக் கால் முதலில் விறைக்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். லெர்கே சிரித்தபடி கையை உயர்த்தித் தடுத்தாள். லெம்விக் நகராட்சியின் புது முறையாம் இது. முதலில் நோயாளியைத்தான் கேட்க வேண்டுமாம்.

ப்ரெபென் ஒரு காலத்தில் படகு எஞ்சின் பழுது பார்த்தவர். இப்போது குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"வாரத்துல ஒரு நாள், நாலு மணி வரைக்கும், வீட்டுல நான் மட்டும் இருக்கணும்."

லெர்கே எழுதிக்கொண்டாள்.

"நான்கூட இருக்கக் கூடாதா?" என்றாள் தோவே.

"உன்னைத்தான் சொல்றேன். வேற யாரு இருக்கா இங்க?"

"விழுந்தா?"

"விழுவேன்."

புதன்கிழமை காலை அவள் கிளம்பினாள். துறைமுகத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கடையில் தேவையில்லாத செருப்பைப் போட்டுப் பார்த்துக் கழற்றினாள். மதியம் பொரித்த மீன் வாங்கி, வேறு யாருக்கும் துண்டாக்கிக் கொடுக்காமல், சூடாகவே சாப்பிட்டாள். பத்தே நிமிடத்தில் தட்டு காலி. ருசியாக இருந்தது என்பதே அவளை உறுத்தியது. இத்தனை வருடமும் அவருக்குப் பாரமாக இருந்தேனா? இல்லை, எனக்கு ஓய்வு தரத்தான் அப்படிச் சொன்னாரா? கோபப்படலாமா என்றுகூடப் புரியவில்லை.

மூன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். தோட்டத்துப் பக்கம் சுற்றிப்போய்ச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

ப்ரெபென் தரையில் இருந்தார். அலமாரியில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி. விழுந்தாரா, தானாக உட்கார்ந்தாரா, தெரியவில்லை. ஆபத்தென்றால் அழுத்தச் சொல்லி நர்ஸ் கொடுத்த பொத்தான் கழுத்தில்தான் தொங்கியது. கை அதன் பக்கம் போகவில்லை. அந்தக் கையில் ஒரு வேகவைத்த முட்டை இருந்தது.

தோவே சாவியை எடுத்தாள். கதவருகே போகவில்லை. தலையில் தூறல் விழ ஆரம்பித்தது.

உள்ளே, நடுங்கும் விரல்கள் ஓட்டில் சின்னதாக ஒரு துண்டை உரித்தன. அதைத் தொடைமேல் வைத்துவிட்டு, அவர் அடுத்த துண்டைத் தேடினார்.