ஓநாய் இனத்தைச் சேர்ப்பது குறித்து

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு முழுநிலவு உதிப்பதாக ஏற்பாடு. நிலவு என்பது ஒரு தண்ணீர்த் தொட்டியின் மூடி. வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடித்து, நீளமான கம்பு ஒன்றின் நுனியில் கட்டியிருந்தார்கள். அதைத் தூக்கிப் பிடிப்பவர் வார நாட்களில் திரைச்சீலை தைப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வானம்.

மூடிக்கிடந்த மரச்சாமான் கிடங்கு ஒன்றில் மூன்று வருடமாக நடந்துவரும் விளையாட்டு அது. நாடகமா என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பார்க்க ஆள் கிடையாது, வசனம் எழுதித் தருவது கிடையாது. காலையில் வேடம் கட்டினால் மாலை வரைக்கும் அந்த ஆளாகவே திரிய வேண்டும், அவ்வளவுதான். மனிதர், நிழலர், மலைக்குள்ளர் என்று மூன்று இனங்கள். குள்ளர்களில் இரண்டு பேர் ஆறடி. முட்டி போட்டு நடக்க வேண்டும் என்பது விதி என்பதால் இருவரும் ஒரே எலும்பு மருத்துவரிடம் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

நான்காவது இனமாக ஓநாய்மனிதரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் பல்லு. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவனுக்கு வேலை. நல்ல பல் என்றால் அது செய்த பல் என்று ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்பது முதலாளியின் வேதம். ஒன்பது வருடமாக ஒருத்தருக்கும் தெரியாத வேலையையே செய்து அலுத்துப்போயிருந்தான் பல்லு. தன் கையால் செய்த ஒன்றைப் பார்த்து ஒரு தடவையாவது நாலு பேர் வாயடைத்து நிற்க வேண்டும். அந்த ஆசையில்தான் ஓநாய்மனிதரின் நடை, பசி, கோபம், வெட்கம் எல்லாவற்றையும் பதினோரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தான்.

ஏற்கெனவே இரண்டு தடவை சோதித்துப் பார்த்தாயிற்று. முதல் தடவை ஓநாயானவர் ஒரு ஜிம் மாஸ்டர். வாசல் மிதியடிகளைச் சேர்த்துத் தைத்த தோலைப் போர்த்திக்கொண்டு வந்தார். முதுகில் ‘நல்வரவு’ என்று இருந்தது. இரண்டாம் தடவை வந்தவர் போட்ட ஊளையில் பக்கத்துக் கிடங்கின் காவலாளி தடியோடு ஓடிவந்துவிட்டார். இரண்டு தடவையும் கிடங்கே விழுந்து விழுந்து சிரித்தது.

நடுவரை எல்லோரும் சட்டம் அண்ணன் என்பார்கள். மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் உத்தியோகம். கயிறு அறுந்துபோகுமா போகாதா என்பதைத் தவிர உலகத்தில் வேறு கேள்வியே கிடையாது என்பது போன்ற முகம்.

“இது மூணாவது தடவை தம்பி” என்றார். “நாளைக்கு விதிப்புத்தகம் அச்சுக்குப் போகுது. ஒருத்தர் சிரிச்சாலும் ஓநாய் கிடையாது. அப்புறம் அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்னு வந்து நிக்கக் கூடாது.”

“சரிண்ணே.”

“போன தடவை நீயே சிரிச்ச.”

“அது இருமல்ணே.”

இந்த முறை ஓநாய், பல்லுவின் அக்கா. பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருட்கள் பிரிவில் உட்கார்ந்திருப்பவள். பெட்டியைத் தொலைத்தவன், குடையைத் தொலைத்தவன், ஒரு பக்கத்துச் செருப்பைத் தொலைத்தவன் என்று எல்லோரும் அவள்தான் எடுத்து ஒளித்துவைத்தாள் என்பதுபோல நாள் முழுக்கக் கத்துவார்கள். பன்னிரண்டு வருடமாக அவள் சொல்லும் ஒரே பதில், “பாத்துச் சொல்றேன் சார்.” வீட்டிலும் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

அவள் வாயை அச்செடுத்துக் கோரைப்பற்களைச் செய்து முடிக்கப் பல்லுவுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஈறில் நரம்பு ஓடுவதுகூடத் தெரியும். அந்த இரண்டு மாதமும் பதினோரு பக்கத்தையும் அவளுக்குப் பாடம் நடத்தினான். ஒத்திகை பார்க்க மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

“உன் மூஞ்சிய பாத்துக்கிட்டு எப்படிடா மாறுறது? சிரிப்புதான் வரும். அங்க வந்து பண்றேன், போ.”

அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவன் ஒன்றே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டான். மூச்சு விடுவதை யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

அந்தக் கிடங்கில் ஒருவர் தலைமேல் கை வைத்தால், அந்தக் கணத்திலிருந்து அவர் அந்த உலகத்தில் இல்லை. வீட்டிலிருந்து போன் வரும், தண்ணீர் தாகம் எடுக்கும், செருப்பு அறுந்துபோகும். உடனே தலையில் கை. சுற்றியிருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இல்லாத ஆளைப் பார்ப்பது அங்கே பெரும் குற்றம். பார்த்தவருக்கு ஆட்டம் அத்துடன் முடிந்தது, மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மூன்று வருடத்தில் இது அவர்கள் உடம்பிலேயே ஊறிவிட்டது. நிழலர்களில் ஒருத்தி, சாலையில் ஒருவர் தலை சொறிவதைப் பார்த்து மரியாதையாகத் திரும்பி நின்று, வரவேண்டிய பேருந்தைக் கோட்டைவிட்டவள்.

நாலு மணி. வாசலுக்கு மேலே இருந்த கூரையோரக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. வாசல் பக்கத்தில் அக்கா, சாம்பல் நிறப் போர்வையோடு தனியாக நின்றாள். அவளுக்குப் பின்னால் மேசைமேல் ஏறி நின்ற திரைச்சீலைக்காரர் நிலவைத் தூக்கினார். மூன்று இனத்தாரும் சேர்ந்து முப்பது பேர் அரைவட்டமாக நின்றார்கள். சிரிப்பை அடக்குவதற்காக ஜிம் மாஸ்டர் ஏற்கெனவே கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா நிமிர்ந்து நிலவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக முழங்காலிட்டு, மண்டைக்குள் ஏதோ பிளப்பதுபோல இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

தலைமேல் கை வைக்கும் விதியை அவளுக்குச் சொல்லவே இல்லை என்பது பல்லுவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவன் வாய் திறப்பதற்குள் முப்பது பேரும் ஒரே ஆளைப்போல எதிர்ச்சுவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். சட்டம் அண்ணன்தான் முதலில் திரும்பினார். மேசைமேல் நிலவைப் பிடித்திருந்தவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லுவின் கால்களும் அவனைக் கேட்காமலே திரும்பின. இரண்டு மாத உழைப்பு முதுகுக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் கிடந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று சுவரைப் பார்த்தபடி நின்றான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஊளை இல்லை. மூச்சுதான். ஆனால் ஒரு மனுஷிக்குள் அவ்வளவு ஆழம் இருக்கும் என்று அங்கே யாரும் நினைத்திருக்கவில்லை. உள்ளே போன மூச்சு போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது அதன் அடியில் வேறொன்று உறுமியது. பன்னிரண்டு வருடமாகப் பாத்துச் சொல்றேன், பாத்துச் சொல்றேன் என்று விழுங்கியதெல்லாம் தொண்டையில் ஒன்றாகப் புரண்டது போலிருந்தது. ஒரு எலும்பு முறிந்தது. அது ஓரமாகக் கிடந்த பழைய நாற்காலியின் காலாகவும் இருக்கலாம். சிமென்ட் தரையில் நகங்கள் ஊன்றின.

நகங்கள் தரையில் என்றால் கை தலையில் இல்லை. கை தலையில் இல்லை என்றால் அவள் இந்த உலகத்துக்குள் வந்துவிட்டாள். ஆனால் ஒரு கை இன்னும் தலையிலேயே இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளப் பார்க்க வேண்டும், பார்க்கக் கூடாது. வேலை வெட்டியும் குடும்பமும் உள்ள முப்பது பேர், வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள்போல அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க, பின்னால் அது நடக்க ஆரம்பித்தது.

ஒவ்வொருவராக மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. பிடரியில் சூடான காற்று படும், நிற்கும், பிடிக்கவில்லை என்பதுபோல நகரும். ஜிம் மாஸ்டரின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அழவில்லை, இமைக்க மறந்துவிட்டார். ஆறடிக் குள்ளர் இருவரும் முட்டிவலியை மறந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

பல்லுவின் பின்னால் வந்து நின்றபோது அவனுக்கு அக்காவின் சோப்பு வாசனை அடித்தது. தான் பளபளப்பு ஏற்றிய பற்களின் பிளாஸ்டிக் வாடையும் கூடவே வந்தது. இரண்டையும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும், பிடரி மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. இது தன் அக்கா இல்லை என்று உடம்பு சொன்னது. உடம்பு சொல்வதை அவன் நம்பினான். ஓடத் தோன்றவில்லை. மலை உச்சியில் நின்று கீழே பார்க்கும்போது பேச்சு வராமல் போகுமே, அப்படி நின்றான்.

எவ்வளவு நேரம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. கம்பின் கனத்தைத் திரைச்சீலைக்காரர் தாக்குப்பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. எதிர்ச்சுவரில் விழுந்திருந்த நிலவின் வட்ட நிழல் மெல்லமெல்லக் கீழே இறங்கியது. முப்பது பேரும் அது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையைத் தொட்டதும் பின்னால் யாரோ தொப்பென்று உட்காரும் சத்தம்.

“தண்ணி இருக்கா யார்கிட்டயாவது?” என்றது அக்காவின் வழக்கமான குரல்.

பல்லு மட்டும் திரும்பினான். அவள் போர்வையை மடியில் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னடா இது, எல்லாரும் செவுத்த பாத்துக்கிட்டு நின்னீங்க? கோரப்பல்லு தெரிஞ்சுதா இல்லையா?”

“இல்லக்கா. யாரும் பாக்கல.”

“ஒருத்தர்கூடவா? அப்ப இவ்ளோ கஷ்டப்பட்டது வேஸ்டா?”

“இல்ல. நீங்க...” என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறந்ததிலிருந்து அவளை ‘நீ’ தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

“நீங்களா? காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதாடா உனக்கு?” என்றாள் அக்கா.

சட்டம் அண்ணன் விதிப்புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை எடுத்துச் சுவரிலேயே வைத்து அழுத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தார். நான்காவது இனம், ஓநாய்மனிதர். மாறும்போது மற்றவர்கள் பார்க்கலாகாது. எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“எத்தனை அடி வாங்கினா சாகும்னு போடணும்” என்றார். “மனுஷனுக்கு மூணு, குள்ளருக்கு அஞ்சு. இதுக்கு எத்தனை?”

“பதினோரு பக்கத்துல ஏழுன்னு எழுதியிருக்கேண்ணே” என்றான் பல்லு.

“அது கெடக்கட்டும். இந்த ஏழு அடியையும் அடிக்கப்போறது யாரு?”

ஜிம் மாஸ்டர் நான் இல்லை என்று தலையை ஆட்டினார். சட்டம் அண்ணன் அடிக்கணக்குக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினார். அதற்குப் பிறகும் அவர் திரும்பவில்லை.