நூல் கட்டிய கடைவாய்ப் பல்

எங்கள் விளையாட்டில் பிடிபட்ட பூதம் எங்களோடு சேர வேண்டுமானால், பிடித்தவர்தான் கயிற்றை அறுக்க வேண்டும். மற்றவர்கள் கெஞ்சினாலும் செல்லாது.

ஞாயிறு மதியங்களில் பல் டாக்டரின் கிளினிக்கில் கூடுவோம். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மேசையை நடுவே இழுத்துப் போடுவோம். டாக்டர் கதை சொல்வார். காடு, குகை, பூதம் எல்லாம் அவர் வாயில். அதற்குள் போகிறவர்கள் நாங்கள் மூன்று பேர். டிரைவிங் ஸ்கூல்காரர் மந்திரவாதி. பார்மசி அக்கா வைத்தியச்சி. நான் வாள்வீரன். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; இருபது விழுந்தால் அதை மிஞ்சிய வெட்டு இல்லை.

மற்ற நாட்களில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். அங்கே பேச ஆள் இல்லை. இங்கே நான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள்.

போன மாதம் சதுப்பு நிலத்தில் ஒரு பூதத்தைப் பிடித்தேன். மேசையில் எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு பொம்மை உண்டு, அதற்கு இல்லை. டாக்டர் ஒரு பிளாஸ்டர் கடைவாய்ப் பல்லை வைத்து, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலால் என் வீரனின் இடுப்போடு கட்டினார். அந்த நேரம் என் மனைவி வீட்டுச் சாவி வாங்க வந்தாள். டாக்டருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

“பூதத்துக்காக நீ ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போம்மா.”

அவள் பல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மூக்கால் பேசினாள்.

“கட்டுறதுதான் கட்டுறீங்க எஜமான், கொஞ்சம் நிழல்ல கட்டக் கூடாதா?”

பார்மசி அக்காவுக்கு டீ புரையேறியது. என் ஜோக் எதற்கும் புரையேறியதில்லை.

அடுத்த வாரம் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். அது என் நாற்காலி.

“அறுத்து விடுப்பா, நம்மகூட வரட்டும்” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

“நம்ப முடியாது. தூங்கும்போது கழுத்தைக் கடிச்சிடும்.”

“கடிக்க மாட்டேன் எஜமான். உங்க கழுத்துல அழுக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டி வைத்தேன்.

வாரா வாரம் காரணம் சொன்னேன். ஆற்றைத் தாண்டட்டும். மலை ஏறட்டும். வீட்டில் அவள் இதைப் பற்றிப் பேசவே மாட்டாள். ஒரு நாள் குளியலறைக்குள் அந்த மூக்குக் குரல் கேட்டது. கதவைத் தட்டினேன்.

“தொண்டை கரகரன்னு இருக்குங்க” என்றாள்.

இன்று கதை மறுபடி சதுப்பு நிலத்துக்கு வந்தது. பூதத்தின் சொந்த ஊர். தூரத்தில் அதன் கூட்டம் கூப்பிடுவதாக டாக்டர் சொன்னார். எனக்குச் சட்டென்று வழி தெரிந்தது.

“அறுத்துட்டா அது எங்க வேணா போகலாம்தானே?”

“தாராளமா. அது இஷ்டம்.”

கத்தரிக்கோலை வாங்கி நூலை அறுத்தேன்.

“போ. உன் ஜனம் கூப்பிடுது.”

பார்மசி அக்கா என்னை முறைத்தாள். மனைவி பல்லை மேசையின் ஓரம் வரை நகர்த்தினாள். அங்கே நிறுத்தினாள். பிறகு மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்து என் வீரனின் பக்கத்தில் வைத்தாள்.

“போகலாம்தான் எஜமான். ஆனா உங்க குறட்டைக்குப் பழகிட்டேன். அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது.”

டிரைவிங் ஸ்கூல்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குறட்டை விடுவது இனி எல்லோருக்கும் தெரியும்.

“சரி, சரி. அடுத்தது யாரு?” என்றார் டாக்டர். என் முறை. எதிரே ராட்சத முதலை. பகடையை உருட்டினேன். இருபது விழுந்தது. இந்த மேசையில் எனக்கு விழுந்த முதல் இருபது. யாரும் பார்க்கவில்லை. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மட்டும் பார்த்தாள்.

“எஜமானுக்கு இருபது!” என்று மூக்கால் கத்தினாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் பல்லைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.