பத்து லட்சத்து முப்பத்துமூன்று

கன்னியம்மாளின் கடிதத்தில் நலம் விசாரிப்புக்குக் கீழே ஓர் எண் இருந்தது: 1000033. 'இது பகா எண்ணா, சொல்லு பார்ப்போம். எங்கள் இன்ஸ்டிட்யூட் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சொல்லிவிட்டது. உனக்கு எத்தனை நாள் ஆகும்?'

திரௌபதி ஸ்டாஃப் ரூமில் நின்றபடியே அதை மூன்று முறை படித்தாள். வேலூர் கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. மேல்படிப்புக்குச் சென்னையில் இருவருக்குமே இடம் கிடைத்தது. கன்னியம்மாள் ரயிலேறினாள். திரௌபதியை ஃபாரஸ்ட் கார்டு அர்ச்சுனனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எட்டு வருஷமாக ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஆயிரம் வரைக்குமுள்ள பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அவளுக்கு வேறொரு வழி ஞாபகம் வந்தது. நாலால் வகுத்தால் ஒன்று மீதி வருகிற எண் இது. பகா எண்ணாக இருந்தால், பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களின் வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில்தான் பிரியும். இரண்டாவது விதம் அகப்பட்டாலோ, ஒன்றுமே அகப்படாவிட்டாலோ, பகா எண் இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் வரவில்லை. களி கிண்டும்போதும் வாயில் எண்கள் ஓடின. பழைய வினாத்தாள்களின் பின்பக்கமெல்லாம் நிரம்பியது. ஒன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணின் வர்க்கமாகக் கழித்து, மிச்சமும் வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே முன்னூறைத் தாண்டி, நானூறைத் தொட்டு, ஒரு மத்தியானம் 408-ன் வர்க்கத்தைக் கழித்தாள். மிச்சம் 913-ன் வர்க்கம். சொச்சமில்லை. அதோடு விடாமல் 707 வரைக்கும் போனாள்; அதற்கு மேல் அதே ஜோடிகள்தான் திரும்ப வரும். இன்னும் நாலு நாள் ஆயிற்று. இன்னொரு ஜோடி கிடையவே கிடையாது. 408-க்கும் 913-க்கும் பொதுக் காரணியும் இல்லை; பகா எண்தான்.

நனைந்துகொண்டே உள்ளே வந்த அர்ச்சுனன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா, தனியா சிரிச்சிக்கினு கீற?"

சொன்னாள். அவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கிப் பார்த்தான்.

"இத்த கண்டுபுடிச்சா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. அவளுக்கு இது ஒரு நொடிங்க." அவள் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அந்தப் பெஞ்சுல இன்னொரு தபா குந்தணும்னு கீதுங்க."

கூரையில் மழை இரைந்தது.

"இந்த எட்டு வருசத்துல நீ இப்பிடி சிரிச்சி நான் பாத்ததில்ல" என்றான். பிறகு, "இப்ப போனா சேத்துக்க மாட்டாங்களா?"

"முப்பது வயசுல எவங்க சேப்பாங்க?"

"கேட்டியா?"

கேட்கவில்லை. அது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

மழை விட்டதும் பதில் எழுதினாள். மேலே இரண்டு வர்க்கங்கள். கீழே, பலமுறை அடித்து எழுதிய ஒற்றை வரிக் கேள்வி. கீழே இறங்கும் முதல் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு விசில் ஊதினார்.

வளைவுக்கு வளைவு பஸ் மறைந்து மறைந்து தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. எங்கோ அடியில் ஹாரன் ஒலித்தது. புளியமரத்து இலைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் கழுத்தில் இறங்க, அவள் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றாள்.