அண்ணாவின் மூக்கு

அந்த வருஷம் முழுக்க அண்ணா கல்யாணராமனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்து அப்படியில்லை. கரமனை ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டாரே, அதற்கப்புறம்தான்.

மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிறகு எழுந்தார், நடந்தார். காயம் ஆறி அந்த இடத்தில் முடியும் முளைத்துவிட்டது. எல்லாம் சுகமாகிவிட்டது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் என்னை ஒரு நாளும் கடிந்து பேசாத மனிதர், ஒரு பாத்திரம் உருண்டால்கூட அடிக்க வந்தார். காலையில் சொன்னதை மத்தியானம் மறந்துவிட்டு, சொல்லவே இல்லை என்று சாதித்தார். தலைக்கனம் என்றது எங்கள் ஸ்ரீவராகம் தெரு. நானும் அதையேதான் சொன்னேன்.

எங்களுக்கு விருந்துச் சமையல்தான் தொழில். அண்ணா தலைமை, நான் கையாள். சுவாமிக்கு நிவேதனம் ஆவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது. உப்பும் பதமும் ஆவியை முகர்ந்தே தெரிய வேண்டும். அதில் அண்ணாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கொல்லம் ஆண்டு 1109, மகர மாதம் வக்கீல் ராஜமணி ஐயர் வீட்டுக் கல்யாணம் வந்தது. அடிபட்ட பிறகு அண்ணா ஏற்ற முதல் பெரிய விருந்து. இதில் சறுக்கினால் அப்புறம் அவரை யாரும் கூப்பிடப்போவதில்லை.

காலையிலேயே தொடங்கிவிட்டார். நான் தேங்காய் துருவும் சத்தம் பொறுக்கவில்லையாம்.

"டேய் பஞ்சாபகேசா, அதை நிறுத்தறயா, இல்லே கையை ஒடிக்கட்டுமா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

சற்று நேரத்தில் பாயச உருளியிலிருந்து ஒரு வாடை வந்தது. பால் அடிப்பிடிக்கத் தொடங்குகிற வாடை. அண்ணா உருளியை ஒட்டியே நின்றிருந்தார். பாயசம் கிண்டும் துடுப்பு கையில் சும்மா இருந்தது. குனிந்து ஆவியை நன்றாக இழுத்து, "பேஷ், பதமாயிருக்கு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மனிதருக்கு வாசனையே தெரியவில்லை. இத்தனை மாதமும் மறைத்திருக்கிறார். அப்போதே நான் வாய் திறந்திருந்தால் பாலை வேறு உருளிக்கு மாற்றிக் காப்பாற்றியிருக்கலாம். படட்டும் என்று வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அது சுவாமிக்கும் போகும் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

முதல் பந்தியிலேயே வக்கீல் எழுந்துவிட்டார்.

"ஓய், இது என்னவாக்கும்? தீஞ்ச பாயசம்! பகவானுக்கும் இதைத்தான் நிவேதிச்சீரா?"

அண்ணா கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. கொஞ்சம் பாயசத்தைக் கையில் வாங்கி வாயில் விட்டுக்கொண்டார்.

"தித்திப்பாத்தானே இருக்கு?" என்றார்.

பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"நோக்கு வாடை வந்துதாடா?"

"வந்தது."

"விழுந்ததுலேர்ந்து நேக்கு ஒண்ணும் அறியலைடா. கற்பூரம்கூட அறியலை. சொன்னா துடுப்பைப் பிடுங்கிப்பேளோன்னு பயம்" என்றார். பிறகு, "நீயாவது சொல்லியிருக்கலாம், கேட்டயா" என்று துடுப்பை என்னிடம் நீட்டினார்.

வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.