ரிலீவர் வரும் வரை

வலது கைக் கட்டின் முடிச்சைத் தனம் பாதி அவிழ்த்திருந்தபோது நர்ஸ் ஜோசலின் பார்த்துவிட்டாள்.

“ஐயோ அம்மா, அதைத் தொடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? கையை விட்டா டியூபை எல்லாம் புடுங்கிடுவாரு.”

“மணிக்கட்டு செவந்து பூட்ச்சிம்மா. கொஞ்ச நேரம் உட்டுட்டு நானே திரும்பக் கட்டிடறேன்.”

“அவர் முதல்ல அடங்கட்டும், நானே அவுத்து விடறேன். இப்ப அவருக்கு நினைவே இல்லையேம்மா.”

நினைவு இல்லையாம். தனத்துக்குச் சுருக்கென்றது. கட்டில் கம்பியோடு கட்டியிருந்தும் அவள் புருஷன் பொன்னுசாமியின் கைகள் ஒரு நிமிஷம்கூடச் சும்மா கிடக்கவில்லை. இடது கை எதையோ முன்னால் தள்ளியது. பிறகு இரண்டு கைகளும் ஒன்றாக எதையோ அமுக்கின. வலது கை எதையோ எடுத்து ஓரமாகப் போட்டது. மறுபடியும் இடது கை. ரத்தத்தில் உப்பு குறைந்தால் இப்படித்தான் கை அலையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அலையலாம். ஆனால் இது அலைகிற கை இல்லை. மனுஷன் பிரஸ் மெஷினில் நிற்கிறார். தகட்டை டை அச்சில் வைக்கிறார், இரண்டு பட்டனையும் அமுக்குகிறார், அடித்த சாமானை எடுத்துப் பெட்டியில் போடுகிறார். மறைமலை நகர் கம்பெனியில் ஆயுதபூஜைக்கு மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். பொட்டு வைத்து மாலை போட்டிருக்கும் மெஷின் முன்னால் நின்று, வருஷா வருஷம் இதையேதான் அவளுக்குச் செய்து காட்டுவார். சினிமாவா காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவளும் வருஷா வருஷம் பார்த்து வைப்பாள்.

“தனம்.”

“இன்னாங்க?”

“ரிலீவர் வந்துட்டானா?”

“இன்னும் வர்லீங்க. வந்துகினு கீறான்.”

“மணி இன்னா ஆவுது?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்கு மேல் கடிகாரம் இருந்தது. நாலு என்றது. எந்த நாலு என்று அது சொல்லவில்லை.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஆஸ்பத்திரி அது. ரோடு என்னவோ பக்கத்தில்தான், ஆனால் இந்த வார்டு கட்டடத்தின் உள்வயிற்றில் இருந்தது. ஜன்னல் கிடையாது. டியூப் லைட் அணைவதே இல்லை. காலை என்று நினைத்து அவள் ஒருமுறை பல் தேய்த்துவிட்டு வந்தபோது, பக்கத்துக் கட்டில்காரர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று யாராவது கேட்டால் அவள் விரல்களைப் பார்ப்பாள். விரலும் கைவிட்டுவிடும்.

அவள் வீட்டில் கிழமைக்கு என்றைக்கும் பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஏ ஷிப்ட் வாரம், பி ஷிப்ட் வாரம், நைட்டு வாரம், அவ்வளவுதான் காலண்டர். மகன் அன்பு பிறந்தது பி ஷிப்ட் வாரத்தில். அவளுக்கு வளைகாப்பு நடந்தது நைட்டு வாரத்தில்; மனுஷன் வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தார். நைட்டு வாரம் என்றால் கூடுவாஞ்சேரி வீடு பகலெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். மிக்சி ஓடாது. டிவி வாயை மட்டும் அசைக்கும். அவள் வாசலுக்கு ஓடிப்போய், கோலமாவுக்காரனின் வாயைக் கூட விரலைக் காட்டி அடைத்துவிடுவாள். அப்பா முகத்தில் வெயில் விழாமல் திரையை இழுத்து மூடுவது அன்புவின் வேலை. பள்ளிக்கூடம் போகும் முன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மூடிவிட்டு வருவான். அப்படி அவரை வைத்தே பொழுதைத் தெரிந்துகொண்டவளிடம் அவர் இப்போது மணி கேட்டால் அவள் எங்கே போவாள்?

“மணி ஆயிடுச்சிங்க. நீங்க கண்ணை மூடுங்க.”

“எப்புடி மூடுறது? மெஷின் ஓடிகினு கீது பாரு.”

ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட் ஆள், வராமல் மெஷினை விட்டு நகரக்கூடாது. அது கம்பெனி சட்டம். பொன்னுசாமிக்கு அது அதற்கும் மேல். அவருக்கு வாய்த்த ரிலீவர் எபி. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வருகிறவன், ஊரெல்லாம் பஸ் ஏறிய பிறகு சட்டைக்குப் பொத்தான் தேடுகிற ஆள். அன்புவின் முதல் பிறந்தநாளுக்கு வாங்கிய கேக் உருகி, வந்த ஜனம் வெறும் மிக்சரைத் தின்றுவிட்டுப் போன பிறகுதான் பொன்னுசாமி வீடு வந்து சேர்ந்தார். “எபி வர்ல, நான் இன்னா பண்றது?” என்றார். அன்றைக்கு அவள் எபியைத் திட்டிய திட்டு இந்தத் தாம்பரம் வரை கேட்டிருக்கும்.

ஆனால் எபி வந்துவிட்டால் கதை வேறு. சூப்பர்வைசர் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். கையைத் துடைத்தார், கார்டை அடித்தார், கிளம்பினார். “எபி வந்தப்புறம் எனக்கு அங்க இன்னா வேலை?” என்பார்.

அதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது. கிட்னி இரண்டும் கைவிட்டாயிற்று, இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று டாக்டர் அன்புவிடம் சொல்லிவிட்டார். எபி வந்துட்டான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனுஷன் அடங்கிவிடுவார். அடங்கினால் கையை அவிழ்ப்பார்கள். ஆனால் அடங்கினவர் அப்புறம் எதற்கு இங்கே இருக்கப் போகிறார்? அதனால் அவள் வந்துகினு கீறான், வந்துகினு கீறான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எபியை அவள் மனசுக்குள் எங்கேயோ ஒரு பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி வைத்திருந்தாள்.

அன்பு வார்டு வாசலில் வந்து நின்றான். தூக்கமில்லாத கண், கசங்கிய சட்டை.

“அம்மா, கொஞ்சம் வெளிய வா.”

அவன் பின்னாலேயே நடந்தாள். படிக்கட்டுப் பக்கம் இருந்த பெரிய ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் விடிகாலை என்றல்லவா நினைத்திருந்தாள்! கீழே ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையை முதுகில் ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சாயங்காலம். கண் கூசி ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியபோதுதான் படியில் நின்ற ஆளைப் பார்த்தாள். தலை முழுக்க வெள்ளை. கையில் ஆரஞ்சுப் பழப் பை.

எபி.

“அண்ணி” என்றான்.

“யாரு உன்னை வரச் சொன்னது?”

“நான்தாம்மா கூப்ட்டேன்” என்றான் அன்பு. “அப்பா எப்பப் பாத்தாலும் ரிலீவர் ரிலீவர்னுதானே கேக்கறாரு. எபி மாமா ஒரு வாட்டி வந்து நின்னா அடங்குவாரேன்னுதான்...”

“அடங்குவாரு. எனக்குத் தெரியாதா?” தனம் படியின் குறுக்கே கையை நீட்டினாள். “நீ உள்ள போவாத எபி. பழத்தை குடுத்துட்டு அப்படியே கெளம்பு.”

“அம்மா!”

“அவரு உசுரைப் புடிச்சிகினு கீறதே இவன் வர்லன்றதாலதான்டா. இவன் மூஞ்சைப் பாத்தா ஒரு நிமிசம் நிப்பாரா? நின்னிருக்காரா என்னிக்காச்சும்?”

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரிந்தது. அன்பு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எபி பழப் பையைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

“அண்ணி, நான் லேட்டா வந்த அன்னிக்கெல்லாம் அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல” என்றான். “எப்படிடா இருக்க, பஸ்ஸு கெடைச்சுதான்னுதான் கேப்பாரு. காலு ரெண்டும் வீங்கிப் போயிருக்கும். அப்பவும் சிரிச்சிகினேதான் போவாரு. நீ உள்ள உடமாட்டேன்னா நான் போவல. இங்கியே உக்காந்துக்கறேன். எவ்ளோ நேரம் ஆனாலும் சரி.”

தனம் வார்டுக்குத் திரும்பினாள்.

பொன்னுசாமியின் கைகள் இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. தள்ளு, அமுக்கு, எடு. கட்டுத்துணி உரசிய இடத்தில் தோல் வழன்று ஈரமாக மினுங்கியது. உதடு வெடித்திருந்தது. அவள் ஈரப்பஞ்சைத் தொட்டு உதட்டில் வைத்தாள். அவர் உறிஞ்சினார். வேலைக்கு நடுவே டீ வாங்கிக் குடிக்கிறவர் மாதிரி கையை மட்டும் நிறுத்தவே இல்லை.

“தனம், எபி எங்க?”

அவள் வாய் வழக்கமான பதிலுக்குத் திறந்தது.

“முடியலடி” என்றார் அவர். “காலு நிக்கல.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷன் முடியவில்லை என்று சொல்லி அவள் கேட்டதில்லை. மெஷினில் கை நசுங்கிய அன்றுகூடச் சொன்னதில்லை. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. யாருக்காக இந்த ஆளை இப்படி நிற்க வைத்திருக்கிறாள்? தனக்காகத்தானே! அவள் எழுந்தாள். வாசலுக்குப் போய் அன்புவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

எபி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். கட்டிலின் இடது பக்கம் போய் நின்றான். மெஷினில் ஆள் மாறும்போது அவன் வழக்கமாக வந்து நிற்கும் பக்கமாக இருக்கும்.

“ண்ணா, நான் வந்துட்டேன்.”

பொன்னுசாமி கண்ணைத் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எப்படிடா இருக்க? பஸ்ஸு கெடைச்சுதா?”

“கெடைச்சுதுண்ணா.” எபி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “லேட்டாயிடுச்சி. மன்னிச்சுக்கோ.”

“பரவால்ல. டையில சின்னதா பிசிறு வருது, பாத்துக்கோ. கைய உள்ள வுடாத.”

“நான் பாத்துக்கறேன். நீ கெளம்புண்ணா.”

கைகள் நின்றன. நாள்கணக்கில் ஓடியது, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. பொன்னுசாமி விரல்களைக் கட்டிலின் விரிப்பில் இரண்டு தரம் துடைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஜோசலின் வந்து பார்த்தாள். இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்து, கட்டுத்துணியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். தனம் அந்த மணிக்கட்டுகளில் தேங்காயெண்ணெய் தடவினாள். ஒரு கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கட்டில் தலைமாட்டில் இருந்த மானிட்டர் திரையைப் பார்த்துவிட்டு ஜோசலின் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் மணியைப் பார்த்து எழுதிக்கொண்டார். மணி என்னவென்று அன்பு கேட்டுக்கொண்டான். தனம் கேட்கவில்லை.

மறுநாள் கூடுவாஞ்சேரி வீட்டில் ஐஸ் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஹாலில் பொன்னுசாமி மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். வெளியே ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், எபியோடு வந்த பழைய கம்பெனி ஆட்கள். உள்ளே பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் தனத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து ஐஸ் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து சரியாகத் தூங்காத கண். அவ்வப்போது இமை விழுந்து விழுந்து எழுந்தது. நிழல் விலகிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் நகர்ந்து வந்து கண்ணாடி மேல் ஏறி, அவர் நெற்றியைத் தொட்டது.

வாசலில் சாவு மேளம் டமாரென்று ஆரம்பித்தது.

தனம் திடுக்கிட்டு விழித்தாள். எழுந்தாள். பிடிக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு, புடவை தடுக்கத் தடுக்க வாசலுக்கு ஓடினாள். முன்னால் நின்ற மேளக்காரரின் எதிரே போய் நின்று உதட்டில் விரலை வைத்தாள்.

“ஷ்ஷ்... சத்தம் போடாதீங்க. நைட்டு பாத்துட்டு இப்பதான் வந்து தூங்கறாரு.”

மேளம் நின்றது. நாற்காலிகளில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். எபி எழுந்து நின்றான், பிறகு உட்கார்ந்துவிட்டான். யாராவது அவள் தோளைத் தொட்டு ஏதாவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

அன்பு வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். சத்தமில்லாமல் உள்ளே போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினான்.