நீலக் குழாய்

மண்ணெண்ணெய் நனைத்த துணியால், கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். நகக்கண்ணில் இருந்த நீலம் கரைந்து வந்தது. கரும்புள்ளிகள் மட்டும் போகவில்லை.

"விடும்மா, தோல் உரிஞ்சிடப் போகுது," என்றாள் அம்மா. "படகுக்குப் பெயிண்ட் அடிச்ச கை. அப்படித்தான் இருக்கும்."

அப்பாவும் அதையேதான் சொல்லிவந்தார். புள்ளிகள் தடித்து விரல் மடங்காமல் போனபோதும், பெயிண்டர் கை பவுடர் போட்ட கன்னம் மாதிரியா இருக்கும் என்று சிரித்தார். வயிறு வீங்கிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

வாசலில் அடிபம்பு கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பேறிய பிறகும் இந்தக் குழாயில் மட்டும் தண்ணீர் இனித்தது. சோப்பு நன்றாக நுரைத்தது. சுகாதாரப் பணியாளர் ஒருத்தி வந்து சோதித்துப் பார்த்து, ருசியில் தெரியாத, கொதிக்கவைத்தாலும் போகாத விஷம் இதில் இருக்கிறது, குடிக்காதீர்கள் என்று சொல்லி, குழாயின் வாயில் சிவப்பு அடித்துவிட்டுப் போனாள். அன்று மாலையே அப்பா அதன்மேல் நீலம் பூசினார். கடவுள் கொடுத்ததை மூடிவைப்பது பாவம் என்றார். குடத்தோடு வந்த யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை அவர்.

மகள் காலையிலேயே தெருமுனைப் பொதுக்குழாயிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து வைத்திருந்தாள். மருந்து வாடை. சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "சாவு வீட்டுலயாவது நல்ல தண்ணி குடுங்கப்பா," என்று பம்புப் பக்கம் போனார். துக்கத்துக்கு வந்த மற்றவர்களும் போனார்கள்.

மகள் அம்மாவின் காதருகே குனிந்து, குடிக்க வேண்டாமென்று எல்லோரிடமும் சொல்லிவிடலாமா என்று கேட்டாள்.

"தூக்குற வரைக்கும் பொறும்மா. ஊரே அவரை நல்லவர்னு சொல்லிட்டிருக்கு."

பக்கத்து வீட்டுத் தையல்காரி தன் குடத்தைப் பாதி நிரப்பிப் பம்படியில் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு உள்ளே வந்தாள்.

"காலையிலேர்ந்து ஒரு வாய் குடிக்கலியே நீ. உங்கப்பா குடுத்த தண்ணி. குடிச்சுக்கோ."

மகள் வாங்கிக்கொண்டாள். தையல்காரி அவள் கன்னத்தைத் துடைக்கக் கை நீட்டினாள். விரிந்த உள்ளங்கையில் மிளகு தூவியது போலப் புள்ளிகள்.

"அக்கா, இது எப்போலேர்ந்து?"

"இதுவா? ஊசி புடிக்கிற கை. அப்படித்தான் இருக்கும்."

அம்மா நிமிர்ந்தாள். தையல்காரியின் கையைத் தன் இரண்டு கைகளாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள். வெளியே பம்பு கிறீச்சிட்டது.

அம்மா எழுந்து அப்பாவின் தூரிகைகள் கிடந்த மூலைக்குப் போனாள். சிவப்பு டப்பாவின் மூடி இறுகியிருந்தது. மகளிடம் நீட்டினாள். மகள் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தாள்.

வாசலில் கூட்டம் விலகி வழிவிட்டது. பம்புச் சத்தம் நின்றது. சித்தப்பா டம்ளரை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நின்றார்.

நீலத்தின்மேல் சிவப்பு கனமாக வழிந்து, கீழே பாதி நிரம்பியிருந்த தையல்காரியின் குடத்து விளிம்பில் ஒரு சொட்டு விழுந்தது.