எந்தக் கரையின் பத்து மணி

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. தாய்லாந்து எல்லையில், கோலோக் சந்தையில் வாழைப்பழம் பொரிக்கிற கடையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். அக்கரையில் நிற்கும் தகப்பன் இக்கரை மகளுக்கு ஆற்றைத் தாண்டி நிக்காஹ் சொல்லிக்கொடுத்தால் செல்லுமா, செல்லாதா என்று சண்டை. முடிவு தெரிவதற்குள் அவர்கள் பழம் வெந்துவிட்டது, வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சண்டையை நான் தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கோலோக் ஆறு இரண்டு நாடுகளைப் பிரிக்கும்..."

அடித்துவிட்டேன். இங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை. அக்கரையில் மீன் மலிவு, போய் வருகிறேன் என்பார்கள்.

இரண்டாவது: வே ஊசெங் மலேசியக் கரையில், மருத்துவச்சி கையில் பிறந்தவர். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. செங்கல் சூளையில் வேலை. மனைவி தாய்லாந்துக் கரைக்காரி. அவள் இறந்தபின் மகள் கமாரியா இக்கரையில் சித்தி வீட்டில் வளர்ந்தாள். அவர் வாராவாரம் படகில் வந்து பார்த்துவிட்டுப் போவார். இப்போது படகுகளை நிறுத்திவிட்டார்கள். பாலத்தில் அடையாள அட்டை கேட்பார்கள், ஆற்றில் இறங்கினால் பிடித்துக்கொண்டு போவார்கள்.

இது இருக்கட்டும்.

3

கமாரியாவுக்கு நிக்காஹ் பேசி முடித்ததும் இமாம் சுலபமாக ஒரு வழி சொன்னார்.

"என் சார்பா நீங்களே முடிச்சு வைங்கன்னு உன் வாப்பாவை ரெண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லும்மா. எத்தனையோ பேருக்கு அப்படித்தான் செஞ்சிருக்கேன்."

அவள் போனில் சொன்னாள். "வாப்பா,* கடுதாசி போதுமாம்."

"கடுதாசி போதும்னா நான் எதுக்கு உசிரோட இருக்கேன்? நீ பொறந்தப்போ சூளையில இருந்தேன். நீ நடக்கப் பழகினப்போ சூளையில இருந்தேன். இந்த ஒண்ணையாவது என் வாயால செய்யறேனே!"

"நீங்க சொல்லாம நான் யாருக்கும் பொண்டாட்டி ஆகப் போறதில்ல. போதுமா? அழாதீங்க."

"யார் அழறா? சூளைப் புகை."

[* அவள் சொன்னது 'ஆயோ'. இங்கே அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்படியே எழுதினால் நீங்கள் 'ஐயோ' என்று படித்துவிடுவீர்கள்.]

இமாம் இரண்டு நாள் யோசித்தார். "ரெண்டு சாட்சிக்கும் கண்ணுக்குத் தெரியணும், காதுல விழணும். நடுவுல தண்ணி இருக்கக் கூடாதுன்னு நான் படிச்ச எதுலயும் இல்ல. கோடையில ஆறு சுருங்கும்ல, அப்ப வச்சுக்கலாம்."

நாள் குறித்தாயிற்று. வியாழக்கிழமை, காலை பத்து மணி.

4

இங்கே ஒரு பிழை நடந்தது. என் பிழை. எந்தக் கரையின் பத்து மணி என்று நான் எழுதவில்லை. அக்கரைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். ஆற்றோரத்தில் பிறந்தவர் எவரும் "உங்க பத்தா, எங்க பத்தா" என்று கேட்காமல் விடமாட்டார். நான்தான் அவரைக் கேட்கவிடவில்லை.

ஆகவே வே ஊசெங் புதுக் கைலி கட்டிக்கொண்டு தன் பத்து மணிக்கு வந்து நிற்கிறார். எதிர்க்கரையில் ஓர் ஆடு மட்டும் இருக்கிறது.

பிழையைத் திருத்தியிருக்கலாம். ஆனால் அவர் சொல்லவேண்டியதை முணுமுணுத்துப் பழகத் தொடங்கிவிட்டார். மகள் பெயர் வரும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதைப் பார்த்தபிறகு எனக்குக் கை வரவில்லை. வெயிலில் நிற்கவைத்தேன், பாவி.

5

ஒரு மணி நேரம் கரையில் நின்றால் சிப்பாய் வராமல் இருப்பானா?

முதல் சிப்பாய் அவரைத் தரதரவென்று இழுத்து... [வேண்டாம்.]

இரண்டாம் சிப்பாய் கண் கலங்கி... [நான் அப்படி யாரையும் பார்த்ததில்லை.]

மூன்றாமவன் கேட்டான். "அட்டை?"

"இல்ல தம்பி."

"அப்ப இங்க என்ன வேலை?"

"மகளைக் கட்டிக்குடுக்கறேன்."

சிப்பாய் எதிர்க்கரையைப் பார்த்தான். இமாம், மாப்பிள்ளை ரொஸ்லான், இரண்டு சாட்சிகள், மஞ்சள் முக்காட்டில் கமாரியா எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள்.

"சீக்கிரம் சொல்லி முடிங்க. அதிகாரி வண்டி வந்துட்டிருக்கு. அப்புறம் நீங்க என்கூட வரணும்."

"அப்புறம் எங்க வேணும்னாலும் வர்றேன்."

6

இன்னொரு முடிவில் ஆற்றை வற்றவைத்துப் பார்த்தேன். கமாரியாவே சிரித்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

அவர் வாயருகே கைகளைக் குவித்தார். "ரொஸ்லான்! என் மகள் கமாரியாவை உனக்கு நிக்காஹ் முடிச்சுக் குடுத்தேன்!"

"ஏத்துக்கிட்டேன்!" என்றான் ரொஸ்லான், ஒரே மூச்சில்.

இமாம் சாட்சிகளைப் பார்த்தார். "காதுல விழுந்துச்சா? செல்லுமா?"

"செல்லும்" என்றார் முதல் சாட்சி. இரண்டாமவர் பாலத்தைத் திரும்பிப் பார்த்தார். பாலத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்ததில் அவருக்குப் பெண்ணின் பெயர் கேட்கவில்லை. நல்ல மனுஷர், பொய் சொல்ல வராது. மறுபடி சொல்லச் சொல்லலாம் என்றால், அக்கரையில் சிப்பாய் வே ஊசெங்கின் தோளில் கை வைத்துவிட்டான். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடக்கிறார்.

அங்கே நின்ற எல்லாரையும்விடப் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டீர்கள். இமாம் இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்.

கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். அக்கரைக்குக் கேட்க வேண்டும்.